மூச்சைப் பிடித்துக்கொண்ட குன்று

1

இந்தக் கதை ஒரு குழாய்க்குள் ஓடிய குமிழிகளிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரும் வந்து, இது எங்கே நடந்தது, யார் அந்தப் பெண் என்று என்னைக் கேட்கக் கூடாது.

போன மார்ச்சில் போஸ் வட்டாரத்தில், பாகு காய்ச்சத் தண்ணீர் இறக்கும் மேப்பிள் காடு ஒன்றில், குழாய்களில் கசிவு தேடிக்கொண்டிருந்தேன். (இப்போது என் வேலை அதுதான். முன்பு கோழி ஆலையில் இரவு ஷிப்ட், அதற்கும் முன்பு பாதியில் விட்ட கல்லூரி. என்னைப் பற்றி இதற்கு மேல் இந்தக் கதையில் வராது.) மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய நீலக் குழாய்களில் மேப்பிள் தண்ணீர் சோம்பலாக ஊர்ந்து போனது. ஒரே ஒரு குழாயில் மட்டும் குமிழிகள் ஓடின. பின்னால் யாரோ துரத்துவது போல ஓடின. அதைக் கையில் பிடித்தபடியே சரிவில் ஏறினேன். வளைந்து வளைந்து ஒரு பெரிய மரத்தில் போய் முடிந்தது. குழாயில் வெடிப்பு இல்லை. மரத்தில் செருகிய பிளாஸ்டிக் முளை இறுக்கமாக இருந்தது. அணில் கடித்த தடமும் இல்லை. காற்று மரத்துக்குள்ளிருந்தே வந்துகொண்டிருந்தது.

உள்ளே பொந்து. ஓட்டை போட்ட துரப்பணம் நல்ல கட்டையைத் தாண்டி அதற்குள் போய்விட்டிருந்தது. குன்றின் அடியில், குழாய்களிலிருந்து காற்றை இழுக்கும் பம்ப் அந்த மரத்தின் வயிற்றுக்காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.

என்னோடு வந்த மனோன் சொன்னாள்: "உள்ள யாராவது குடியிருந்தா, நாம கதவைத் தட்டாமலே நுழைஞ்ச மாதிரி."

சிரித்தோம். முளையைப் பிடுங்கினோம், ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போனோம். நடந்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் நான் சேர்த்தது.

2

தொடக்கங்கள்.

"பனி இளகத் தொடங்கிய ஒரு காலையில், ஒடீல் என்ற பெண் தன் குன்றின் மேல்—"

வேண்டாம். இந்த ஊரில் மார்ச் மாதத்துக் கதைகள் எல்லாமே பனி இளகித்தான் தொடங்குகின்றன.

"மரத்துக்கு வலிக்குமா என்று ஒடீல் ஒருநாளும் யோசித்ததில்லை, ஏனென்றால்—"

ஏனென்றால்? எனக்கும் தெரியவில்லை. ஒரு வாரம் அந்த 'ஏனென்றால்' மேசைமேல் கிடந்தது. பிறகு அடித்துவிட்டேன்.

"பத்தொன்பது," என்றான் கயெத்தான்.

இதை வைத்துக்கொள்கிறேன். ஒரு எண். சொன்னவன் குன்றின் அடியில், பம்ப் கொட்டகையில், குழாய்களிலிருந்து எவ்வளவு காற்று போயிருக்கிறது என்று காட்டும் மானியின் முள்ளைப் பார்த்தபடி நிற்கிறான். கேட்டவள் அவன் அக்கா ஒடீல், பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு மேலே சரிவில் நிற்கிறாள். இடையில் ஒரு வாக்கி-டாக்கி.

முள் இருபத்தைந்தைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் ஒடீலுக்குக் காடு இல்லை.

இதை விளக்கியாக வேண்டும். அப்பா போனபின் காடு அக்காவுக்கும் தம்பிக்கும் சரிபாதி. கயெத்தான் தன் பாதியை மரம் வெட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட நினைக்கிறான். ஒடீலின் பாதி மேலே, அவன் பாதி கீழே. தண்ணீர் மேலிருந்து கீழே அவன் நிலத்தின் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அவன் விற்றால் அவளிடம் மரங்கள் இருக்கும், சரிவு இருக்காது. குளிர்காலம் முழுக்க அவள் தனியாகக் குழாய் இழுத்ததைப் பார்த்துவிட்டு, பொரித்த பன்றித்தோலைக் கடித்தபடி அவன் ஒரு வார்த்தை கொடுத்தான்: "முதல் தண்ணி ஓடுற அன்னிக்கு, எல்லாக் கிளைக்குழாயும் திறந்திருக்க, முள் இருபத்தஞ்சைத் தாண்டட்டும். நான் விக்கல. தாண்டலைன்னா வாயைத் திறக்காத."

அப்புறம் இன்னொன்றையும் சொன்னான். "கரடி வந்தாலும் அவ்வளவுதான். கரடி இருக்குற காட்டுல நான் ஒரு முழம் குழாய்கூட விட மாட்டேன்."

அவன் பயந்தவன் இல்லை. மனைவி வீட்டுக் குன்றில் அவன் போட்ட குழாய்களை ஒரு கரடி ஒரே வசந்தத்தில் மென்று துப்பியிருந்தது. எதற்காக என்று யாருக்கும் தெரியாது. இனிப்புக்காக என்கிறார்கள் சிலர். பிளாஸ்டிக் பற்களுக்கு இதமாக இருக்கிறது என்கிறார்கள் சிலர். அந்தக் குன்றுக்கு அவன் திரும்பப் போகவில்லை.

3

(கதை இங்கே நிற்கும். அவசரம் என்றால் நான்காம் பகுதிக்குப் போங்கள். ஆனால் இதற்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.)

இந்தக் குழாய்களை யாரும் முடிச்சுப் போட்டுக் கட்டுவதில்லை. ஒரு மரத்துக்கு இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம், அதற்கடுத்ததற்கு மறுபடி இடப்பக்கம் என்று இழுத்துக்கொண்டே போவோம். இழுவைதான் பிடிமானம். மரங்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி குழாய் நிற்கும். எங்கும் தொய்யக் கூடாது, தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், தேங்கியது உறையும். கிளைக்குழாய்கள் எல்லாம் ஒரு தடித்த தாய்க்குழாயில் சேரும். தாய்க்குழாய் கம்பியில் தொங்கியபடி கொட்டகைக்கு இறங்கும்.

அதுவரை அது வெறும் பிளாஸ்டிக். பிறகு பம்ப்பைப் போடுவோம்.

பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். அது காற்றை மட்டும்தான் எடுக்கிறது. குன்றிலிருக்கும் அத்தனை குழாய்களிலிருந்தும் காற்றை எடுத்து வெளியே தள்ளுகிறது. மரத்துக்குள்ளே தண்ணீர் ஏற்கெனவே வெளியே வரத் தவித்துக்கொண்டிருக்கிறது. வெளியே எதிர்ப்பு குறையும்போது அது தானாக வருகிறது. ஒரு முழுக் குன்றுக்கும் இடம்விட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் எங்கள் வேலை.

எனக்குப் புல்லரிப்பது அதற்குப் பிறகு நடப்பதில்தான். எல்லாம் ஒரே வெற்றிடம். மேலே கடைசி மரத்தில் ஊசிமுனை அளவு துளை விழுந்தால் கீழே முள் அதிரும். மரங்களுக்கு அடியில் வேர்கள் பின்னியிருக்கின்றன என்பார்கள், அதை நான் பார்த்ததில்லை. இதைப் பார்த்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான மரங்கள் ஒரே முள்ளில் நடுங்குவதை. கோவிலுக்குப் போகாதவன் நான். அந்த முள்ளின் முன்னால் தொப்பியைக் கழற்றியிருக்கிறேன், யாரும் பார்க்காதபோது.

4

கயெத்தான் எனக்குச் சரியாக வரவில்லை. இரண்டு பிரதிகளில் அவன் வில்லன். மூன்றாவதில் அவன் அழுதான், அதைவிட மோசம். கடைசியில் அவனை முள்ளின் முன்னால் நிறுத்தி எண்களை மட்டும் சொல்லவிட்டேன். அப்போதுதான் மனிதனானான்.

இன்னொரு சிக்கல். நான் தமிழில் எழுதுவதால் அவன் ஒடீலை 'அக்கா' என்று கூப்பிடப் பார்த்தான். தடுத்தேன். இங்கே தம்பி அக்காவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான், எரிச்சலில் பேரை இன்னும் நீட்டுவான்.

ஒடீலைப் பற்றிச் சந்தேகம் இல்லை. ஐம்பதைத் தாண்டியவள். இந்தச் சரிவைத் தவிர வேறெங்கும் அவள் கெட்டிக்காரி இல்லை, அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் இது அவளுக்கு வேண்டும். இதைவிட உயர்ந்த காரணம் ஏதாவது கொடுக்கலாமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. இதுவே போதும் என்று தோன்றுகிறது.

5

"பத்தொன்பது," என்றான் கயெத்தான்.

"தெரியும்."

"தெரிஞ்சா நட. உக்காந்து பட்டாணி சூப்பு உறிஞ்சுற சத்தம் இங்க வரைக்கும் வருது."

"உனக்குச் சத்தம்கூடக் கேக்குதா? ரம்பச் சத்தம் தின்ன காதாச்சே!"

"ஒரு காதைத்தான் தின்னுச்சு. இன்னொண்ணை உன்னைத் திட்டுறதுக்காக வச்சிருக்கேன்."

அவள் ஃபிளாஸ்க்கை மூடிவிட்டு எழுந்தாள். கசிவு எந்தக் கிளையில் என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. ஒவ்வொரு கிளையும் தாய்க்குழாயில் சேரும் இடத்தில் ஒரு அடைப்பான் இருக்கும். அதை மேலே மூட வேண்டும், கீழே முள்ளைப் பார்க்க வேண்டும்.

"நாலாவது கிளையை மூடிட்டேன். பாரு."

"அசையல."

"அஞ்சு."

"அசையல. நீயாவது கொஞ்சம் அசை, ஒடீ-ல். சாயங்காலம் குளிர் இறங்குனா தண்ணி நின்னுடும். அதோட உன் கதையும் முடியும்."

"ஆறு."

"ம்ஹூம்."

"ஏழு."

அவள் வாக்கி-டாக்கியைக் காதோடு அழுத்தினாள்.

"கயெத்தான்?"

"இரு... ஏறுது. ஏறிக்கிட்டே இருக்கு." பிறகு அவன் பூசைப் பாத்திரங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னான். இங்கே வசவு அப்படித்தான், தேவாலயத்துச் சாமான் ஒன்றும் மிஞ்சாது. "அங்கதான் இருக்கு. ஏழுல."

"சரி, போறேன்."

"ஏழை மூடியே வச்சுட்டு என்னை ஏமாத்தாத. எல்லாம் திறந்திருக்கணும்னுதான் பேச்சு."

"உன்னை ஏமாத்தணும்னா சின்ன வயசுலயே ஏமாத்தியிருப்பேன்டா, அப்ப இன்னும் சுலபமா இருந்தே."

அடைப்பானைத் திறந்தாள். குமிழிகள் ஓடின. அவற்றுக்கு எதிர்த்திசையில் ஏறினாள்.

(ஒரு வழக்கம், இங்கே சொல்லாவிட்டால் பிறகு நேரமிருக்காது. கசிவைக் கண்டவர் இடத்தையும் காரணத்தையும் வாக்கி-டாக்கியில் சொல்லியாக வேண்டும். முளை தளர்ந்ததா, மரக்கிளை ஒடிந்து விழுந்ததா, அணிலா. அடுத்த நாள் அந்தச் சரிவில் வேறொருவர் நடப்பார், அவருக்குக் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். சொல்லாமல் விட்டவரை அடுத்த வருடம் யாரும் காட்டுக்குள் சேர்ப்பதில்லை. ஏழாம் கிளை இருக்கும் வடசரிவில் நாளை நடக்க வேண்டியவன் கயெத்தான்.)

6

ஏழாம் கிளையின் கடைசி மரம் அந்தக் குன்றிலேயே பெரியது. இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாது. ஒடீல் கையுறையைக் கழற்றிவிட்டுக் குழாயைத் தடவிப் பார்த்தாள். முளையைத் திருகிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது, ஆனாலும் குமிழிகள் அங்கிருந்துதான் புறப்பட்டன.

முதல் பிரதியில் இங்கே "குழாய் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது" என்று எழுதியிருந்தேன். பொய். சுண்டுவிரல் நுழையாத ஓட்டை வழியாக வரும் காற்று ஒரு சாண் போவதற்குள் ஆறிவிடும். அழகாக இருந்த வரி. எடுத்துவிட்டேன்.

பொய்யில்லாதது இது: அவள் தலைக்கு வெகு மேலே, மரத்தின் ஒரு பிளவைச் சுற்றி வெண்பனி இறகுகள் போலப் பூத்திருந்தது. மற்ற மரங்களில் அது இல்லை. அவள் அதைப் பார்க்கவில்லை. முளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிடுங்கினாள். குழாயின் வாயை மூடினாள்.

"ஏறுது," என்றது வாக்கி-டாக்கி. "இருபத்தி மூணு. நாலு. ஒடீல், நில்லு, எதையும் தொடாத, மூச்சு விடாத. அஞ்சு." பிறகு, அவன் குரலில் அவள் பல வருடமாகக் கேட்காத ஏதோ ஒன்றோடு: "இருபத்தாறு."

அவள் பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஜெயிச்சுட்டே, போ," என்றான். "காடு உன் தலையெழுத்து, வச்சுக்க. எங்க கசிஞ்சுது? என்ன காரணம்?"

"இரு, பாக்குறேன்."

முளை இருந்த ஓட்டைக்கு நேராக அவள் முகம் இருந்தது. அதிலிருந்து ஒரு வாடை வந்தது. நனைந்த நாய், பழைய இலை, பால். ஒரு சத்தமும் வந்தது. மெல்லிய, விடாத, மோட்டார் போன்ற ஒரு ரீங்காரம். பம்ப்பின் அதிர்வுதான் தாய்க்குழாயின் கம்பி வழியாக ஏறி மரத்துக்குள் கேட்கிறது என்று நினைத்தாள். கம்பி அதிர்ந்தால் இணைப்புகள் நாளடைவில் தளரும். அது நல்லதில்லை.

"கயெத்தான், பம்ப்பை நிறுத்து."

"பைத்தியமா உனக்கு? இப்பதான் ஏறியிருக்கு!"

"அதிர்வு மரம் வரைக்கும் வருது. நிறுத்திப் பாரு, ஒரு நிமிசம்."

"ஜெயிச்சவங்களுக்கே இந்தத் திமிரு," என்றான். நிறுத்தினான். குன்றின் அடியிலிருந்து காலையிலிருந்து வந்துகொண்டிருந்த உறுமல் அறுந்தது. பனியில் எங்கோ தண்ணீர் சொட்டியது.

"ஒடீல்." கிசுகிசுத்தான். "முள் விழல. பம்ப் நின்னு போச்சு, முள் அப்படியே நிக்குது. எங்கயுமே கசியல. நான் இப்படிப் பார்த்ததே இல்ல."

ஒட்டுமொத்தக் குன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், மரத்துக்குள் ரீங்காரம் நிற்காமல் கேட்டது.

கன்னத்தை மரப்பட்டையில் அழுத்தினாள். ரீங்காரம் ஒன்றல்ல, இரண்டு, ஒன்றுக்கொன்று கொஞ்சம் சுருதி விலகி. பால் குடிக்கும் கரடிக்குட்டிகள் அப்படித்தான் முனகும், வேட்டைக்காரர்கள் வீட்டில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றின் பின்னால், குளிர்காலத்தைப் பொந்தில் தூங்கிக் கழிக்கும் தாயின் பெரிய மூச்சு உள்ளே போனது. ஒடீல் அது வெளியே வரக் காத்திருந்தாள். வரவில்லை. இன்னும் காத்திருந்தாள். தன் மூச்சையும் அறியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவசரமே இல்லாமல், அது வெளியே வந்து அவள் காதின் மேல் பட்டது.

காலையிலிருந்து அவளுடைய பம்ப் அந்த மூச்சைத்தான் இழுத்திருக்கிறது. அது குன்று முழுவதும் இறங்கி, எல்லா மரங்களின் தண்ணீரோடும் கலந்து, தம்பியின் முன்னால் வந்து சேர்ந்திருக்கிறது. அதைத்தான் அவன் 'பத்தொன்பது' என்று படித்திருக்கிறான்.

"ஒடீல்? காரணம் என்ன? முளையா, அணிலா?"

7

முடிவுகள்.

அ. "அணில்," என்கிறாள். அணில் என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். காடு அவளுடையது. நாளை கயெத்தான் இந்த மரத்தின் அடியில் வந்து, சுத்தியலால் முளைகளைத் தட்டிப் பார்ப்பான். தாய்க்கரடி ஆழ்ந்து தூங்குவதில்லை, அதுவும் குட்டிகளோடு. அவன் சுத்தியலை ஓங்கி—

இதை எழுத முடியும். எழுதவில்லை. ஒடீல் கெட்டிக்காரி என்று நான்தானே சொன்னேன்.

ஆ. "கரடி," என்கிறாள். கயெத்தான் வாக்கி-டாக்கியைக் கீழே வைக்கிறான். அவன் சொன்ன சொல் இருக்கிறது. முள் இருபத்தாறில் நிற்க, காடு போகிறது. அடுத்த குளிர்காலத்தில் மரம் வெட்டும் வண்டிகள் ஏறுகின்றன, சரிவில்லாத அவள் பாதியும் பின்னாலேயே விலைக்குப் போகிறது, அங்கே முதலில் இந்தப் பெரிய மரத்தை—

நியாயமான முடிவு. எனக்கு அதன்மேல் வெறுப்பு.

இ. உண்மையைச் சொல்கிறாள். அவன் ஏறி வருகிறான். மூச்சிரைக்க மரத்தில் காதை வைக்கிறான், பதற்றத்தில் ரம்பம் தின்ன காதை. "ஒண்ணும் கேக்கலையே," என்கிறான். அவள் அவன் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை மரப்பட்டையில் வைத்து அழுத்துகிறாள். அவன் முகம் மாறுகிறது. இருவரும் சத்தமில்லாமல் ஏழாம் கிளையைக் கழற்றி, அந்த மரத்தைச் சுற்றி ஒரு பெரிய இடத்தை விட்டுவிட்டு—

இது எனக்குப் பிடித்துப்போனது. இரண்டு நாள் இதுதான் முடிவாக இருந்தது. பிறகு மனோனிடம் படித்துக்காட்டினேன். "குழாயைக் கரடி மென்னு துப்புனதைப் பார்த்த மனுசன் இவன். உள்ளங்கைய வச்சதும் உருகிடுவானா? நீ அவனை நல்லவனாக்கி உன்னை நிம்மதியாக்கிக்கிற," என்றாள். அடித்தேன்.

8

ஆக, என்னிடம் மிச்சமிருப்பது இது மட்டும்தான்.

ஒடீல் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோகிறாள். பொத்தானை அழுத்துகிறாள். சொல்ல வாய் திறக்கிறாள். எந்தச் சொல் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு கையைத் திருப்பி, வாக்கி-டாக்கியை மரத்தின் ஓட்டையோடு சேர்த்து வைக்கிறாள். கட்டைவிரலை எடுக்கவில்லை.

நாம் கீழே போவோம், கொட்டகைக்கு. கயெத்தான் நல்ல காதில் வாக்கி-டாக்கியை ஒட்டிவைத்திருக்கிறான். ரீங்காரம் கேட்கிறது. திரும்பிப் பம்ப்பைப் பார்க்கிறான். நிறுத்தினோமே என்று அவன் புருவம் சொல்கிறது. பம்ப்பின் மேல் கையை வைக்கிறான். அது அசையாமல் இருக்கிறது. ரீங்காரம் தொடர்கிறது. அதன் பின்னால் அந்தப் பெரிய மூச்சு உள்ளே போகிறது. கயெத்தான் அது வெளியே வரக் காத்திருக்கிறான். அவனும் வேட்டைக்காரர் வீட்டுப் பிள்ளைதான். வெளியே வருவதற்குள் அவனுக்குப் புரிந்துவிடுகிறது.

அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. முயன்றேன். அவன் முள்ளுக்கு நேராக நிற்கிறான், எனக்கு முதுகுதான் தெரிகிறது. முள் இன்னும் விழவில்லை.

அவன் ஏதோ சொல்ல நினைக்கிறான். பொத்தானை அழுத்துகிறான். பயனில்லை. இந்தக் கருவிகளில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. மேலே அவள் விரலை எடுத்தால்தான் அவன் சொல் போய்ச் சேரும். எடுக்காதவரை காடு விற்கப்படவில்லை, மரம் விழவில்லை, கரடி தூங்குகிறது, அக்காவும் தம்பியும் ஒரே மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த விரலை நான் எடுக்கப்போவதில்லை. நீங்கள் எடுங்கள். அவன் என்ன சொல்வான் என்று உங்களுக்குத்தான் கேட்கும். ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள், அவள் கையுறையைக் கழற்றி வெகுநேரமாகிவிட்டது.